மழைக்குப் பருவம் உண்டு, மக்களுக்குப் பத்திரம் இல்லை

2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயல் தமிழகக் கரையை நெருங்கியபோது, எந்தெந்த மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதே நம் தொலைக்காட்சிகளின் முதன்மைச் செய்தியாக இருந்தது. அதே புயல் அதற்கு முன்பே இலங்கையைக் கடந்திருந்தது. அங்கே 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலை மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களை விழுங்கியது. சில இடங்களில் 24 மணி நேரத்திற்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. 'கண்டிச் சீமைக்குப் போனவர்கள்' என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லப்படுகிறவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் மலைகள் அவை.

இத்தகைய பேரிடரை 'இயற்கையின் சீற்றம்' என்று அழைப்பது வழக்கம். சீற்றம் என்றால் முன்னறிய முடியாதது, யாரும் பொறுப்பேற்க வேண்டாதது என்று பொருள்படுகிறது. இலங்கை மலையகத்தின் மழையை அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அந்த மழைக்கு நாட்காட்டி உண்டு. ஆண்டுதோறும் அது ஏறக்குறைய அதே மாதங்களில், அதே சரிவுகளில் பெய்கிறது. அந்தச் சரிவுகளில் யார் குடியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மனிதர்கள் முடிவு செய்தார்கள்.

முதலில் அந்த நாட்காட்டியைப் பார்ப்போம். தீவின் நடுவே 2,500 மீட்டர் உயரம் வரை எழும் மலைத்தொகுதி, இரு பருவக்காற்றுகளுக்கும் குறுக்கே நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதி மழையை இறக்குகிறது. அங்குச் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே வேளையில் கிழக்கே ஊவாப் பகுதியில் வறண்ட காற்று வீசும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை தலைகீழாகிறது. கிழக்குச் சரிவுகள் நனைகின்றன, மேற்கு ஓரளவு காய்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இடைப்பருவ மழை பெய்கிறது. இவற்றுள் அக்டோபர், நவம்பர் மாதங்களே அபாயகரமானவை. மண் ஊறிக் கிடக்கும் அந்நாட்களில்தான் வங்கக்கடலில் புயல்களும் உருவாகின்றன.

மலையகத்தின் பெருந்துயர்களை இந்த நாட்காட்டியின்மீது வைத்துப் பாருங்கள். பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்ணில் புதைந்தது 2014 அக்டோபர் 29. அரநாயக்கவில் மலைச்சரிவு ஊர்களை மூடியது 2016 மே 17, தென்மேற்குப் பருவத்தின் வாயிலில். டிட்வா வந்தது நவம்பர் இறுதியில். மழை எப்போதும் போலத் தன் காலத்தில் வந்தது. காலநிலை மாற்றத்தால் அதன் செறிவு கூடலாம், ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டலாம். ஆனால் எந்த மாதத்தில் எந்தச் சரிவு ஊறும் என்பது புதிராக இருந்ததே இல்லை.

இந்த மழைக்கும் நம் சமவெளிக்கும் உள்ள உறவு ஒன்றரை நூற்றாண்டு பழையது. சேலத்தின் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கு உட்பட்டது, நாமக்கல்லுக்கு அதிலும் குறைவு. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறமே இறக்கிவிட்டு இங்கு வருகிறது. 1876இல் இரு பருவங்களும் பொய்த்தன. தொடர்ந்து வந்த பெரும்பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை எப்படிச் சிதைத்தது என்பதைக் குடிக்கணக்கே சொல்லும். 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கணக்கிலிருந்து மறைந்தனர்.

மாண்டவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் யார்? நிலமும் கிணறும் உள்ளவன் ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்திற்குக் காத்திருப்பான். பண்ணையில் அன்றாடங் கூலிக்கு உழைத்தவனிடம் காத்திருக்க எதுவும் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர் ஆகிய ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது தற்செயல் அன்று. மழை பொய்த்தது அனைவருக்கும் பொது. அதனால் ஊரை இழந்தவர்கள் நிலமற்றவர்கள். அவர்களை அழைத்துச் சென்ற கங்காணிகளில் பலர் நிலவுடைமைச் சாதியினர். கடல் கடந்தும் சாதி கூடவே பயணித்தது. லயங்களையே சாதிவாரியாகப் பிரித்த தோட்டங்கள் இருந்தன.

அவர்கள் அங்கே நிரந்தரமாகத் தங்க நேர்ந்ததிலும் மழைக்குப் பங்கு உண்டு. தொடக்கத்தில் அங்கே விளைந்தது காப்பி. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சென்று, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் பலர். 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்தது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. மாதந்தோறும் ஏதோவொரு பருவத்தின் மழை கிடைக்கும் மலையில் தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்க்கும். ஆகவே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டும், பெண்களின் கைகளும் வேண்டும். பருவத்துக்கு வந்து போன கூலிகள் இப்படித்தான் லயங்களில் கட்டிவைக்கப்பட்ட குடும்பங்கள் ஆனார்கள். இன்றும் அவர்களின் வருமானத்தை மழையே அளக்கிறது. குறித்த எடைக்குக் கொழுந்து இருந்தால் ஒரு 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. வறட்சியில் செடியில் கொழுந்து இருக்காது. அடைமழையில் கொழுந்து இருக்கும், ஆனால் அட்டையும் வழுக்குப் பாறையும் இருக்கும்.

இப்படி மழையோடு வாழ்வைப் பிணைத்த மக்களைச் சட்டம் எங்கே வைத்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றது. அம்மக்களிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. நாடற்றோர் நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. 1970களில் தோட்டங்கள் நாட்டுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் லயம் தோட்டத்தின் சொத்தாகவே நீடித்தது, அதில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர் வெறும் குடியிருப்பாளராகவே நீடித்தார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுப்பணம் செலவிடுவதற்கே தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். ஒரு வடிகால், ஒரு தடுப்புச்சுவர், ஒரு சாலை கேட்டுச் செல்ல உள்ளாட்சி அமைப்பே இல்லாமல் முப்பது ஆண்டுகள் பெருமழையில் கழிந்தன என்பது இதன் பொருள்.

மீரியபெத்தவில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. "மக்கள் ஏன் வெளியேறவில்லை?" என்ற கேள்வி அப்போது எழுந்தது. வெளியேறி எங்கே போவது என்பதே அதற்கு மக்கள் தரப்பின் மறுகேள்வி. பாதுகாப்பான இடத்தில் ஒருவருக்குச் சட்டப்படி நிலம் இருந்தால்தான் எச்சரிக்கை அவருக்குப் பயன்படும். இல்லையெனில் அது அவர் காதில் விழும் மற்றுமொரு செய்தி. மீரியபெத்தவுக்குப் பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. நம் கணக்கில் அது நாலரை சென்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் பெருந்தொகையினர் இன்னும் லயங்களில்தான் இருக்கிறார்கள். வீடு இழந்தோருக்கு இழப்பீடு என்று அரசு அறிவிக்கும்போதெல்லாம் 'வீடு யாருடையது?' என்ற கேள்வி அவர்களை முதல் வாசலிலேயே நிறுத்துகிறது.

மண்சரிவு இனம், சாதி பார்த்து வருவதில்லை என்று ஒரு மறுப்பு எழலாம். உண்மைதான். அரநாயக்கவிலும் டிட்வாவிலும் சிங்கள, முஸ்லிம் மக்களும் பெருமளவில் மாண்டனர். அந்தத் துயரைக் குறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. நாம் எழுப்பும் கேள்வி, வேறோரிடத்திற்குப் போகும் உரிமை யாருக்கு இருந்தது, மீண்டு எழுவதற்கான ஆவணம் யார் கையில் இருக்கிறது என்பதே.

இதே கேள்வியை நம் மண்ணிலும் கேட்க வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், வடகிழக்குப் பருவமழையில் தனியார் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து 17 தலித் மக்கள் மாண்டனர். மழை அங்கே செய்தது சுவரை நனைத்தது மட்டுமே. அந்த உயரத்துக்குச் சுவர் எழுப்பியதும், அதன் அடியில் வீடுகள் இருக்க நேர்ந்ததும் மழையின் வேலை அல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் 'பெஞ்சல்' புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, ஏற்காட்டு மலைச்சாலைகள் சரிந்தன, திருவண்ணாமலையில் மண்சரிவில் ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் மாண்டனர். நம் கிராமங்களில் ஊர் மேட்டிலும், காலனி ஏரிக்கரைத் தாழ்விலும் ஓடைப் புறம்போக்கிலும் இருப்பதைக் களப்பணிக்குச் செல்லும் எவரும் காணலாம். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உரியவர் கையில் இருந்திருந்தால் இந்த வரைபடம் வேறாக இருந்திருக்கும்.

நம்மிடம் சட்டக் கருவிகள் இல்லாமல் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அதன் எல்லையை நாம் உணர வேண்டும். வெள்ளம் வந்த பிறகே அப்பிரிவு பேசத் தொடங்குகிறது. வெள்ளம் வரும் இடத்தில் ஒரு சமூகத்தைக் குடியமர்த்தியது பாகுபாடா என்பதை அது கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளிடம் செல்ல வேண்டும். 2024இல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அவ்விரு உறுப்புகளிலும் அடங்கும் என்று ஏற்றுள்ளது. மின்கம்பிகளுக்கும் கானமயிலுக்கும் இடையிலான வழக்கில் பிறந்த அந்தக் கோட்பாட்டைச் சேரிக்குக் கொண்டுவர வேண்டியது நம் வேலை.

அதற்குச் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகள் வெள்ள, மண்சரிவு அபாய வரைபடத்தின்மீது குறிக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களிடம் அந்த வரைபடத்தைக் கேட்கும் பணியைக் கல்லூரி மாணவர்கள் நாளையே தொடங்கலாம். மாற்றிடம் என்பது ஊருக்கு வெளியே மற்றொரு பள்ளமாக இருக்கக் கூடாது, பட்டாவுடன் கூடிய மேட்டு நிலமாக இருக்க வேண்டும். மலையகத் தோழர்கள் எழுப்பும் கோரிக்கையும் இதுவே: பாதுகாப்பான இடத்தில் காணி, அதற்கு உரிமைப் பத்திரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே வறட்சியில் பிரிந்த இரு கூட்டங்களும் இன்று ஒரே கோரிக்கையில் நிற்கின்றன.

அடுத்த அக்டோபரிலும் இரு கரைகளிலும் மழை வரும். அதற்குள் எத்தனை குடும்பங்களின் கையில் பத்திரம் இருக்கும் என்பதைத்தான் அரசுகளிடம் நாம் கணக்குக் கேட்க வேண்டும்.