சாமியா, பேயா?

கம்பம் பள்ளத்தாக்கில் கடவுள் நம்பிக்கையும் பேய் நம்பிக்கையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பேடர், மென்கென், பேக்கர் மூவரும் 2010-இல் வெளியிட்ட நூலின்படி, அங்கே தேவாலயப் பிடிப்பு மிகுந்தவர்களும் மதமே வேண்டாம் என்பவர்களும் ஆவி, குறி போன்றவற்றை அவ்வளவாக நம்புவதில்லை. இடையில் நிற்பவர்களே அதிகம் நம்புகிறார்கள். பிடிப்பு மிகுந்தவர்களுக்குச் சபை வேலி போட்டுவிடுகிறது. இங்கே, தேனிப் பக்கம், அந்த வேலி கிடையாது.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வரும் பெண்ணுக்கு அருள் வருகிறது. கண் செருகி, கூந்தல் அவிழ்ந்து, உடம்பு துள்ளுகிறது. அதே துள்ளல், உச்சிவெயிலில் தோட்டத்திலிருந்து திரும்பியவளுக்கு வந்தால் 'காத்துக்கருப்பு அண்டிருச்சு' என்பார்கள். உடம்பில் தெரிவதில் வேறுபாடு ஒன்றுமில்லை. எது என்று தீர்ப்புச் சொல்பவர் கோடாங்கி. உடுக்கையை அடித்தபடி, 'யாரு நீ, எந்த ஊரு?' என்பார். 'மாரி வந்திருக்கேன்' என்று பதில் வந்தால் மஞ்சத்தண்ணி, சூடம், வேப்பிலை. மாமியார் உட்படச் சுற்றி நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அகாலமாய்ச் செத்த ஒருத்தியின் பெயர் வந்துவிட்டால் அதே வேப்பிலையால் அடி விழும். உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள்.

இந்தத் தீர்ப்பும் நிரந்தரமல்ல. பேயாய் அலைவதாகச் சொல்லப்பட்ட உயிருக்கே பீடம் போட்டுப் பொங்கல் வைத்தால், சில தலைமுறையில் அது குலதெய்வம். பேயை விரட்டுகிற காவல் தெய்வங்களுக்கும் சாராயம், சுருட்டு உண்டு. குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலிலேயே சோணைக் கருப்பணசாமிக்கு மதுபாட்டில் படையலாகிறது.

மதம் மாறினாலும் பேய் கூடவே போகிறது, ஒரு சிறு திருத்தத்தோடு: பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டங்களில் விரட்டப்படும் பிசாசுகளில் பல, நேற்றுவரை கும்பிட்ட ஊர்த்தெய்வங்கள். மாலைத் தொழுகை முடியும் நேரம், ஓதி ஊதச் சொல்லிப் பள்ளிவாசல் முன் குழந்தையோடு நிற்கும் தாய்மாரில் இந்துக்களும் உண்டு. சாமி பெயர் சொல்லாமலே தீமிதித்துக் காட்டும் திராவிடர் கழகத்தார் சாமி, பேய் இரண்டையும் சேர்த்தே மறுக்கிறார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற படித்த பக்தர்களைவிட, ஊரின் கணக்கு அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

நம்பிக்கையைவிட, சாமியோ பேயோ வந்ததாக நம்பப்பட்டவரின் கதி முக்கியம். சாமி என்றால் அந்தப் பெண்ணின் சொல் ஏறும். பேய் என்றால் அவள் உடம்பு பிறர் கைக்குப் போகும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பேய் ஓட்டக் கூட்டிவரப்படுவோரை வைத்துத் தர்காவை நம்பி நடந்த காப்பகமொன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு அங்கே தர்காவை ஒட்டியே மனநல மருத்துவம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. பிரார்த்தனையை விடச் சொல்லவில்லை; மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.