திறந்த கருவியும் தெளிந்த கல்வியும்

கடிகாரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் சக்கரங்களை உற்றுநோக்க விரும்பாத சிறுவர் மிகச் சிலரே. “இஃது எங்ஙனம் இயங்குகின்றது?” என்னும் அவ்வினாவே விஞ்ஞானத்தின் வித்து. ஆயின் இக்காலத்துச் செய்முறைச் சாலைகளில் நாம் கையாளும் கருவிகள் பலவும் அவ்வினாவிற்கு விடை தருவதில்லை. அவற்றினுள் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு அமர்ந்து, தன்னுள் எழுதப்பெற்ற மென்பொருளின்படி அளத்தலும் கணக்கிடலும் செய்கின்றது. அம்மென்பொருளை மறைத்துவைப்பின், மாணவன் காண்பது விடை மட்டுமே, வழியை அன்று.

யான் வேறோர் ஊரில் பயின்ற காலத்து நேர்ந்ததொன்றைக் கூறுவேன். அளவைக் கருவியொன்று ஒருநாள் பிழையான எண்களைக் காட்டத் தொடங்கிற்று. விற்றோர் அவ்வகையைக் கைவிட்டதாக விடையிறுத்தனர். சுற்றுப்படமும் இல்லை, மென்பொருளின் மூலமும் இல்லை. ஆசிரியரும் மாணவருமாகப் பலர் சூழ நின்றும், செய்வதறியாது அதனை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கருவி பழுதாயது பெரிதன்று. பௌதிகம் பயிலும் எமக்கு அதன் உள்ளமைப்பு விளங்காதொழிந்ததே பெரிது.

நிற்க. இதற்கு மாறாயதொரு நெறி நம் நாட்டிலேயே உண்டு. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான துகள்முடுக்கி நிலையத்தார், செய்முறைக் கல்வியைச் சீர்செய்யும் நோக்குடன், 2004ஆம் ஆண்டில் ‘ஃபீனிக்ஸ்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். அதன்வழித் தோன்றியதே ‘எக்ஸ்ப்ஐஸ்’ என்னும் சிறு பெட்டி. அது யூ.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைந்து, ஊசலின் அலைவுக் காலம், மின்தேக்கி மின்னேறும் போக்கு, ஒலியின் வேகம் முதலியவற்றை அளந்து, திரையில் வரைபடமாகக் காட்டுகின்றது. நொடியின் 10 இலட்சத்தில் ஒரு கூறளவு நுட்பமாகக் காலத்தைக் கணிக்க வல்லது. அதன் சுற்றுப்படமும், பைத்தான் மொழியில் அமைந்த மென்பொருளும் யாவர்க்கும் திறந்தே கிடக்கின்றன. விரும்பியோர் பயிலலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

அவ்வுரிமையின் பயனைக் காண்மின். பிரான்சு தேசத்துப் பள்ளியாசிரியர் ஒருவர், தில்லியிற் பிறந்த இக்கருவியின் மென்பொருளை டெபியன் என்னும் கட்டற்ற தொகுப்பிற் சேர்த்து, எவரும் எளிதில் நிறுவிக்கொள்ளச் செய்தார். பிரெஞ்சு மொழியைத் தெருப்பெயர்ப் பலகைகளில் நாடோறும் காணும் புதுவையினராகிய நாம் மட்டும் இவ்வறிவுப் பரிமாற்றத்தில் வாளாவிருத்தல் தகுமோ?

“பழுதுக்கு உத்தரவாதமுள்ள வணிகக் கருவியை விடுத்து, பொறுப்பேற்பார் இல்லாததை நாடலாமோ?” எனச் சிலர் வினவுவர். அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. உயர்நிலை ஆராய்ச்சிக்கு விலைமிக்க கருவிகள் வேண்டும் என்பதும் மெய்யே. திறந்த கருவியும் தானே பழுது நீங்காது. அதனைக் கற்றறிந்தார் இருவரேனும் கலாசாலையில் இருத்தல் வேண்டும். ஆயின் அங்ஙனம் கற்றறியும் உழைப்பன்றோ கல்வி? உத்தரவாதம் சில ஆண்டுகளிற் கழிந்துபோம். கற்ற அறிவோ அடுத்த மாணவர்க்கும் உதவும்.

ஆதலின், நம் பௌதிகச் செய்முறைச் சாலையில் ஒரு மேசையேனும் இத்தகைய கருவிகளுக்கு ஒதுக்கப்படுக. மாணவர் அவற்றைப் பிரித்துப் பார்க்க அனுமதி பெறுக. பழைய மாணவர் பொருளுதவி புரிக. பயன்கொண்டோர் தாம் கண்டவற்றையும் திருத்தியவற்றையும் தமிழில் எழுதிப் பொதுவில் வைத்திடுக. அத்தகைய கட்டுரையொன்றை அடுத்த ஆண்டு மலரிற் காணப் பெரிதும் விழைகின்றேன்.