தீர்மானம் மன்றத்துக்கு, முடிவு கோட்டைக்கு

2022 பிப்ரவரியில் தமிழக நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, மார்ச் மாதம் கவுன்சிலர்கள் பதவியேற்றனர். நாற்காலி சூடாகும் முன்பே, ஏப்ரலில் சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. வீடுகளுக்கு, பரப்பளவைப் பொறுத்து, 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை. மத்திய நிதிக்குழு மானியம் பெற இது கட்டாயம் என்பது அரசின் விளக்கம். மன்றங்களுக்கு மிஞ்சியது தீர்மானம் போடும் வேலையும், தெருவில் வசை வாங்கும் வேலையும்தான்.

கிராமங்களின் நிலை இன்னும் மோசம்.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள் ஆட்சி. 2025 ஜனவரியில் அதே மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள்! ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தச் சொல்கிறது அரசியல் சட்டம். வரியை உயர்த்தக் காட்டிய வேகத்தில் கால்பங்கையாவது வாக்குப்பெட்டியைத் திறப்பதிலும் அரசு காட்டட்டும்.