சின்னத்திரையின் சாட்சிக் கூண்டில் நம் பிள்ளைகள்

நீதிமன்றக் காட்சி என்றால் தமிழர்க்கு ஒரு தனி மயக்கம் உண்டு. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கண்ணகி தொடங்கி, 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யில் கூண்டில் நின்றுகொண்டே சமுதாயத்தைக் குற்றவாளியாக்கிய குணசேகரன் வரை, வழக்காடும் குரலுக்கு நாம் செவிசாய்த்தே பழகியவர்கள். ஆகவே, அமெரிக்கச் சின்னத்திரையின் வழக்கறிஞர் தொடர்கள் இன்று நம் வீட்டுக் கைப்பேசிகளுக்குள்ளும் வந்து சேரும்போது, அவற்றின் வாதங்கள் நம் பிள்ளைகளின் மனத்தில் தீர்ப்புகளாகவே படிவதில் வியப்பில்லை. அத்தகைய தொடர்கள் பலமுறை கையாண்டு வெற்றி கண்ட ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வளரிளம் பருவத்தினருக்குப் பாலியல் கல்வி தரலாமா, தரலாம் எனில் எதைத் தருவது, யார் தருவது என்னும் வழக்கே அது.

டேவிட் இ. கெல்லி என்பவர் உருவாக்கி, 2004 முதல் 2008 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'பாஸ்டன் லீகல்' தொடரை எடுத்துக்கொள்வோம். திருமணம்வரை விலகியிருங்கள் என்பதை மட்டுமே போதித்த பள்ளியொன்றின்மீது, எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான மாணவி ஒருத்தி வழக்குத் தொடுக்கும் கதை அதில் வருகிறது. இதைவிட உருக்கமான வழக்கை யார் கற்பனை செய்ய இயலும்? பார்க்கிறவர் நெஞ்சு அந்த நொடியிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. கேள்வி கேட்கப்படுமுன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொடர் குறிவைத்த இலக்கு கற்பனை அன்று. விலகியிருத்தலை மட்டும் போதிக்கும் திட்டங்களுக்கு 1981 முதலே அமெரிக்க அரசின் பொருளுதவி தொடங்கிவிட்டது. 1996இன் சமூகநலச் சட்டம் அதற்கென ஆண்டொன்றுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. 2004 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் வெளியிட்ட அறிக்கை, பரவலாகப் பயன்பட்ட 13 பாடத்திட்டங்களில் 11இல் தவறான அல்லது திரிக்கப்பட்ட செய்திகள் இருந்ததாகக் காட்டியது. காங்கிரஸே கேட்டு நடத்தி 2007இல் வெளிவந்த ஆய்வு, இத்திட்டங்களில் பயின்ற பிள்ளைகளும் பயிலாத பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வயதில்தான் உடலுறவைத் தொடங்கினர் என்று கண்டது. கற்பின் பெயரால் ஒரு பிள்ளையிடம் பொய்யுரைப்பதைத் திருச்சபையின் எந்த ஒழுக்கவியல் நூலும் நியாயப்படுத்தாது. ஆணுறையின் குறைபாட்டைப் பெரிதாக்கிச் சொன்னவர்கள் கற்புக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. அதைச் சொல்லிக்கொடுப்போரின் நம்பகத்தன்மையைத்தான் கெடுத்தார்கள். எனவே அப்பாடத்திட்டங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

என் சண்டை வேறு. நீதிமன்றத் தொடர் என்னும் வடிவமே இந்தப் பொருளுக்கு அநீதி இழைக்கிறது என்பது என் வாதம்.

வழக்கு என்றால் ஒரு பிரதிவாதி வேண்டும். ஒரு பெண்பிள்ளை நோயுற்றதற்கோ கருவுற்றதற்கோ பின்னால் பேசாத வீடு, பேசத் தெரியாத பள்ளி, பேச அஞ்சிய ஆலயம், இடைவிடாது பேசிக்கொண்டேயிருக்கும் விளம்பரத் தொழில், அவளை விரும்புவதாகச் சொன்ன ஓர் இளைஞன் என எத்தனையோ பேர் இருக்கலாம். இத்தனை பேரையும் ஒரே கூண்டில் ஏற்ற இயலாது. விளம்பர இடைவேளை போக நாற்பது நிமிடத்தில் தீர்ப்பும் வந்தாக வேண்டும். ஆகவே எளிதில் அகப்படும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அநேகமாக அவர் சமயப்பற்றுடைய ஒரு தலைமையாசிரியர், அல்லது பள்ளிக் குழு உறுப்பினர், அல்லது திருமறை வசனமொன்றை இடம்பொருள் ஏவல் தெரியாமல் உதிர்க்கும் தகப்பன். எதிரே நிற்பவரோ கூர்த்த மதியும் நகைச்சுவையும் உடைய வழக்கறிஞர். இவ்விருவரில் யார் வெல்வார் என்று பந்தயம் கட்ட எவரும் முன்வரமாட்டார்.

பின்னர் வருகிறது நிறைவுரை. கெல்லியின் தொடர்களில் ஆலன் ஷோர் என்னும் வழக்கறிஞர் நடுவர் குழுவின்முன் ஆற்றும் உரைகள் புகழ்பெற்றவை. மறையுரை ஆற்றிப் பழகியவன் என்ற முறையில் அந்த வித்தையை நான் அடையாளம் கண்டுகொள்கிறேன். அது மறையுரையேதான்! ஒரே வேறுபாடு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நிற்கும் பங்குமக்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நீங்கள் சொன்னது சரியில்லையே" என்று கேட்டுவிடுவார்கள். ஆலன் ஷோரை அப்படிக் கேட்பார் இல்லை. எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் வசனத்தையும் அதே கதாசிரியர்தானே எழுதுகிறார்.

உண்மையான நீதிமன்றங்கள் இப்பொருளை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செம்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 1992இல் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்னும் பெயரில், கொச்சையான நகைச்சுவையுடன் ஒரு நிகழ்ச்சி மாணவர் கூட்டத்தில் நடத்தப்பட்டது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேட்டிருக்க வேண்டும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் வழக்காடினர்; 1995இல் தோற்றனர். அதே ஆண்டில் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ஃபால்மவுத் பள்ளிகளில் ஆணுறை கிடைக்கச் செய்ததைச் செல்லும் என்றது. ஆனால் 1993இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெற்றோரைக் கேளாமலும் அவர்கள் விலகிக்கொள்ள வழிவிடாமலும் பள்ளியில் ஆணுறை வழங்குவது பெற்றோரின் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்திருந்தது. ஒரே கேள்வி; அடுத்தடுத்த மாநிலங்களில் இரு விடைகள். எந்தத் தொடராவது இந்தக் குழப்பத்தைக் காட்டியதுண்டா?

'பாஸ்டன் லீகல்' கதைக்கு மிக நெருங்கிய உண்மை வழக்கு கலிபோர்னியாவின் க்ளோவிஸ் நகரில் நடந்தது. அங்கே பயன்பட்ட பாடநூல் எச்.ஐ.வி. பற்றிய பாடத்தில்கூட ஆணுறையைக் குறிப்பிடவில்லை. பெற்றோரும் மருத்துவர் அமைப்பொன்றும் 2012இல் வழக்குத் தொடுத்தனர். பள்ளி நிர்வாகம் பாடத்திட்டத்தைத் திருத்திக்கொண்டது. வழக்கு முடிவுக்கு வந்தது. 2015இல் நீதிபதி, இத்தகைய பாடம் மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று எழுதியதே, வழக்கறிஞர் கட்டணத்தை யார் கொடுப்பது என்னும் மனுவின்மீதுதான். கண்ணீரும் இல்லை, நிறைவுரையும் இல்லை, சட்டத்தின் ஒரு பிரிவும் பாடநூலின் சில பக்கங்களும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. நீதிமன்றத்துக்கு அது இயலும். அதற்குமேல் இயலாது.

நம் மரபுகள் இதை அறிந்தே வைத்திருந்தன. தானியேல் நூலின் சூசன்னா வழக்கில், இளைஞன் தானியேல் முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்டது, எந்த மரத்தடியில் கண்டீர் என்பதைத்தான். பாண்டியன் அவையிலும் கேள்வி, சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்பதே. மரமும் பரலும் சாட்சியத்துக்கு உட்பட்டவை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அன்பின் பொருளை எப்படி உணர்த்துவது என்பது எந்தச் சாட்சியத்துக்கு உட்பட்டது? இதையும் தீர்ப்புக்குரிய ஒன்றாக்கி, ஒருவர் வெல்ல ஒருவர் தோற்க வேண்டும் என்று பழக்குவதுதான் சின்னத்திரையின் பெரும் பிழை.

அடுத்த பிழை நம்மை நேரடியாகத் தொடுகிறது. இத்தொடர்களில் சமயத்தின் நிலைப்பாடு என்றாலே 'வாய் திறவாதே' என்பதாகத்தான் இருக்கும். திருச்சபை அப்படியா கற்பித்திருக்கிறது? 1929இல் பதினோராம் பத்திநாதர், இப்பொருளை அறிவியல் தகவலாக மட்டும் பொதுவில் கொட்டுவதைக் கண்டித்தது உண்மை. ஆனால் 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில், பிள்ளைகள் வளர வளர அவர்களுக்கு நேர்மறையான, விவேகமுள்ள பாலியல் கல்வி தரப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. 1981இல் இரண்டாம் யோவான் பவுல், குடும்பம் பற்றிய தம் ஊக்கவுரையில், இது பெற்றோரின் அடிப்படை உரிமையும் கடமையும் என்றும், பள்ளி அவர்களோடு ஒத்துழைக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். 1983இல் கத்தோலிக்கக் கல்விப் பேராயமும், 1995இல் குடும்பத்துக்கான திருப்பீட அவையும் இதற்கென்றே தனி ஏடுகள் வெளியிட்டன. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், 'அமோரிஸ் லெத்தீசியா'வில் பாலியல் கல்வியின் தேவைக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கினார். தகவல் வேண்டும், ஆனால் உரிய காலத்தில் வேண்டும், 'பாதுகாப்பாக இருந்துகொள்' என்பதோடு கல்வி முடிந்துவிடாது என்று எழுதினார். பிறக்கக்கூடிய குழந்தையை ஒரு பகைவனைப்போல் தற்காத்துக்கொள்ள மட்டும் கற்பிப்பது கல்வியா என்பது அவர் எழுப்பிய கவலை. தகவல் வேண்டும் என்பதிலும் தகவல் மட்டும் போதாது என்பதிலும் ஒருசேர நிற்கும் இந்த நிலைப்பாட்டுக்குத் தொடரின் கூண்டில் இடமில்லை. அதைச் சொல்லும் பாத்திரம் வந்தால் வழக்கின் விறுவிறுப்புப் போய்விடும்.

அந்தத் தொடர் பாஸ்டனில் நடப்பதாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதன் முதல் பார்வையாளர்களுக்கு அந்நகரின் பெயர் வேறொன்றையும் நினைவூட்டியிருக்கும். குருக்கள் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகளையும், அவை மூடிமறைக்கப்பட்டதையும் 'பாஸ்டன் குளோப்' நாளேடு 2002இல் வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார். ஈராண்டுக்குப் பின் அதே நகரின் கற்பனை வழக்கறிஞர் ஒருவர் சமயவாதிகளின் ஒழுக்கப் பேச்சை எள்ளினால், கேட்டவர்கள் கைதட்டியதற்கு அவர் வாதத்திறமை மட்டும் காரணமாகாது. நம் தரப்புச் சாட்சி முன்பே நம்பிக்கை இழந்து நின்றது. இதை ஒப்புக்கொள்ளாமல் சின்னத்திரையைச் சாடுவது நேர்மையாகாது.

எனினும் அந்த மேடை பிள்ளைகள்பால் கொண்டுள்ள அக்கறை எத்தகையது என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. பாஸ்டனுக்கு வடக்கேயுள்ள கிளாஸ்டர் என்னும் மீன்பிடி நகரத்தில், 2008இல் ஒரே உயர்நிலைப் பள்ளியின் 17 மாணவிகள் கருவுற்றிருந்தனர். அவர்களுள் சிலர் சேர்ந்து தாயாவதென்று உடன்படிக்கை செய்துகொண்டனர் என்று தலைமையாசிரியர் சொன்னதாக 'டைம்' இதழ் எழுதியது. அதற்குச் சான்றில்லை என்று நகரத் தந்தையான பெண்மணி மறுத்தார். அதற்குச் சற்று முன்னர்தான், பெற்றோரைக் கேளாமல் கருத்தடை சாதனம் வழங்கலாமா என்ற பிணக்கில் அப்பள்ளி மருத்துவமனையின் மருத்துவரும் செவிலியரும் பதவி விலகியிருந்தனர். பொறுமையாக விவாதிக்கத்தக்க உண்மைச் சிக்கல் இது ஒன்றே. சின்னத்திரைக்கு இனித்ததோ உடன்படிக்கைதான். அவ்வாண்டிலேயே 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' அதை ஒத்த கதையைக் கையாண்டது, 2010இல் ஒரு தொலைக்காட்சிப் படமே வந்தது. பதினேழு பெண்பிள்ளைகளின் வாழ்வு ஒரு வதந்தியின் பெயரால் உலகுக்கு அறிமுகமாயிற்று.

இதை அமெரிக்காவின் நோய் என்று ஒதுக்குவோர்க்கு, நம் நாட்டில் 2023இல் வெளிவந்த 'ஓ.எம்.ஜி. 2' என்னும் இந்தித் திரைப்படத்தை நினைவூட்டுவேன். அதுவும் நீதிமன்றக் கதைதான். சுய இன்பத்தில் ஈடுபட்டது படம்பிடித்துப் பரப்பப்பட்டதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மகனுக்காகச் சிவபக்தரான தந்தை வழக்காடுகிறார். இதிலும் நிறைவுரைகள் உண்டு. வெற்றி யாருக்கு என்பது முன்பே தெரியும். எனினும் நான் கண்ட வழக்குக் கதைகளில் இது ஒரு வகையில் தனித்து நிற்கிறது. அந்தத் தகப்பன் பள்ளியையும் போலி வைத்தியரையும் மருந்துக் கடைக்காரரையும் எதிர்த் தரப்பில் நிறுத்துவதோடு, மகனிடம் பேசாதிருந்த தன்னையும் அவ்வரிசையில் நிறுத்துகிறார். பெற்றோரே முதல் ஆசிரியர் என்னும் திருச்சபையின் போதனையைக் கத்தோலிக்கக் கதாசிரியர் எவரும் இவ்வளவு தெளிவாக நாடகமாக்கி நான் பார்த்ததில்லை.

ஆகவே, 'பள்ளியில் இதையெல்லாம் சொல்லித்தரக் கூடாது, அது பெற்றோரின் உரிமை' என்று மனு எழுதும் நம் பொதுநிலையினரைக் கேட்கிறேன்: அந்த உரிமையை நீங்கள் எப்போது பயன்படுத்தினீர்கள்? எத்தனை கத்தோலிக்க இல்லங்களில் தாய் தன் மகளுக்குப் பூப்புக்கு முன்பே அதைப்பற்றிச் சொல்லியிருக்கிறாள்? சடங்குக்குப் பந்தல் போடவும் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணவும் நேரமிருக்கிறது. மகனுக்கு மீசை அரும்பும்போது எத்தனை தந்தையர் அவனைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார்கள்? பங்குகளிலும் நிலைமை மேலானதன்று. மறைக்கல்வி வகுப்பில் ஆறாம் கட்டளையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அதன்பின் அப்பொருள் வாய்விட்டுப் பேசப்படும் முதல் இடம், இருபத்தைந்து வயதில் அவர்கள் வந்து அமரும் திருமணத் தயாரிப்புப் பயிற்சி. இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்கு ஆசிரியர் யார்? அந்த இடத்தை ஆலன் ஷோர் நிரப்பினால்கூடப் பரவாயில்லை. அவர் குறைந்தது ஒரு முழு வாக்கியத்தில் பேசுகிறார். கைப்பேசித் திரையில் நள்ளிரவில் ஓடுகிறவற்றுக்கு வாக்கியமே தேவைப்படுவதில்லை.

அந்த இந்திப் படத்துக்குத் தணிக்கை வாரியம் பல மாற்றங்களைச் செய்யச் சொல்லி, வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் 'ஏ' சான்றிதழ் வழங்கியது. யாரைப்பற்றி அந்த வழக்கு நடந்ததோ, அந்த வயதுப் பையனைத் திரையரங்கின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மாதங்களுக்குள் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. அவன் அதை எங்கே, யாரோடு அமர்ந்து பார்த்தான் என்று வீட்டில் எவரேனும் கேட்டார்களா?