பென்னிகுவிக்குக்குப் பொங்கல்! பிள்ளைக்குப் பிரம்படியா?

ஆண்டுதோறும் ஜனவரி மாதம் 15-ந் தேதி வந்துவிட்டால், ஜான் பென்னிகுவிக் பிறந்த நாளென்று கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் சாமி படங்களோடு சாமி படமாய் அவர் படமும் மாட்டப்பட்டிருக்கிறது. உபகாரம் செய்தவரிடம் நன்றி காட்டுவதை நாம் குறை சொல்ல வரவில்லை. மழை வேண்டுமென்று கழுதைக்குக் கலியாணம் செய்து வைப்பதைக் காட்டிலும், தண்ணீர் கொண்டுவந்த மனிதனை நினைப்பது ஆயிரம் மடங்கு மேலான காரியமேயாகும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அதே வீட்டுப் பையன் தெரு வாய்க்காலில் களிமண்ணையும் ஓட்டுச் சில்லையும் கொண்டு ஓர் அணை கட்டி, தென்னமட்டையில் ஒரு சக்கரம் செய்து சுற்றவிட்டால் என்ன நடக்கிறது? "சனியனே, சட்டையெல்லாம் சேறாக்கி விட்டாயே" என்று முதுகிலே நாலு விழுகிறது. (திட்டுவதற்குக்கூட ஒரு கிரகம் வேண்டியிருக்கிறது!) கட்டிய அணை காலால் எத்தப்படுகிறது. பெரிய அணை கட்டியவருக்குப் பொங்கல். சின்ன அணை கட்டியவனுக்குப் பிரம்படி. இது என்ன நியாயம்?

முல்லைப் பெரியாறு அணை வரத்தினால் வந்ததா? யாகத்தினால் வந்ததா? மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாமென்ற யோசனை 1789-லேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தாருக்குத் தோன்றியது. 1808-ல் வந்து பார்த்த வெள்ளைக்கார அதிகாரி நடவாத காரியமென்று எழுதிவிட்டுப் போனார். 1887-ல் வேலை தொடங்கிற்று. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினார்கள். பேர் தெரியாத கூலியாட்கள் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து அணையை எழுப்பி, மலையைக் குடைந்து சுமார் ஒரு மைல் சுரங்கம் வெட்டி, 1895-ல் தண்ணீரைத் திருப்பினார்கள். அந்தத் தண்ணீரினால்தான் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. இது தெய்வச் செயலென்றால், 1789 முதல் 1895 வரை 106 வருஷம் அந்தத் தெய்வம் என்ன செய்துகொண்டிருந்தது?

ஆகவே அணையைக் கட்டியது அளந்து பார்க்கிற புத்தியும், உடைந்தால் ஏன் உடைந்தது என்று கேட்கிற புத்தியும், கூலியாட்களின் கைகளும்தான். அந்தப் புத்தி இருபது வயதுக்கு மேல் காலேஜில் திடீரென்று முளைத்துவிடாது; கொல்லைப்புறத்தில் ஏழு வயதில் முளைவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பெரிய காரியங்களைக் கட்டிப் பார்க்க வேண்டும்: தாங்களே ஏறி ஓட்டக்கூடிய வண்டி, நீர்ச்சக்கரம், காற்றாடி, நாலு பேர் உட்காரும் குடிசை. தலைக்கு மேற்பட்டதாய்த் தோன்றுகிற வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டால், பெற்றோர் விலகி நின்று இடம் கொடுக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"நடக்கிற காரியமா இது?" என்பது முதலாவது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகள் சுற்றுவதை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்துக் குக்கிராமம் ஒன்றில், வில்லியம் கம்குவம்பா என்ற பையன் இவற்றைப் புத்தகத்தில் படமாக மாத்திரம் பார்த்தான். 2001, 2002-ல் அங்கே கொடும் பஞ்சம். சம்பளம் கட்ட வழியில்லாமல் பள்ளிக்கூடம் நின்றுபோன 14 வயதுப் பையன் அவன். தகப்பனாரின் ஓட்டைச் சைக்கிளையும், பழைய இரும்பில் கிடைத்த டிராக்டர் விசிறியையும், பிளாஸ்டிக் குழாயையும், ஒரு டைனமோவையும் கொண்டு, மரக்கம்புகளால் கோபுரம் கட்டி, வீட்டில் விளக்கு எரிய வைத்தான். கட்டும்போது ஊரார் பைத்தியம் என்றார்கள். பின்னொரு சமயம் மழை தவறியபோது, அவனுடைய யந்திரம் மேகத்தை விரட்டுகிறதென்றார்கள். மூடநம்பிக்கை எந்தக் கண்டத்தில் பிறந்தாலும் ஒரே ஜாதிதான் போலும்! ஆனால் அந்தத் தகப்பனார் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பையன் பிறகு அமெரிக்காவுக்குப் போய் 2014-ல் பட்டம் பெற்றான். எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஆவார்களென்று நாம் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது வண்டி பாதியில் நிற்கும். நிற்கட்டும். சக்கரம் ஏன் கோணிற்று என்று தானே கண்டுபிடித்த பையனை, எந்த மந்திரவாதியும் தாயத்துக் கட்டி ஏமாற்ற முடியாது.

"படிப்பும் மார்க்கும் கெட்டுவிடுமே" என்பது இரண்டாவது. கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பில் தேறியவரல்ல. இளமையில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஏறிச் சுற்றுவதற்கு முன்னே அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தார். 1937-ல் நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்ததில் முன்னின்றவர் அவர். படிப்பு வேண்டாமென்பதல்ல நமது வாதம். நெம்புகோலைப் பற்றி எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, கடப்பாரையால் ஒரு கல்லைப் புரட்டத் தெரியாமல் நிற்பது படிப்பாகுமா என்பதே கேள்வி.

மூன்றாவதுதான் விஷம் நிறைந்தது. ஆயுத பூசையன்று சுத்தியலுக்குச் சந்தனம், உளிக்குக் குங்குமம், சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம். மறுநாள் பிள்ளை அந்தச் சுத்தியலைத் தொட்டால், "கீழே வை; நீ என்ன ஆசாரியா, கொத்தனா?" என்கிறோம். கருவி கும்பிடத்தக்கது, அதைப் பிடிக்கிற கை கேவலமானது என்பதுதானே இதன் அர்த்தம்? வருணாசிரமம் சாஸ்திரப் புத்தகத்தில் மட்டும் இல்லை. இந்த ஒரு கேள்வியிலும் இருக்கிறது.

"அப்படியானால் 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வியை ஏன் எதிர்த்தீர்கள்?" என்று சிலர் மடக்கப் பார்க்கலாம். அத்திட்டம் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. சிரைப்பவர் மகன் கத்தியையும், வெளுப்பவர் மகன் மூட்டையையும் விட்டு நகராதபடி பிறப்பினால் முளையடித்தது. அதனால்தான் எதிர்த்தோம், 1954-ல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். நாம் சொல்வது நேர் எதிரானது. வக்கீல் மகன் உளி பிடிக்கட்டும். தோட்டி வேலைக்கென்று தள்ளப்பட்டவர் மகன் மின்சார மோட்டார் சுற்றட்டும். வேலையைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ஜாதி தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பெண் குழந்தை விஷயம் இதைவிட மோசம். பையனுக்காவது பம்பரம் உண்டு, அவளுக்கு மரச்சொப்பு! விளையாட்டிலேயே அடுப்பங்கரைக்கு ஒத்திகை! 1903-ல் ஆகாய விமானம் விட்ட ரைட் சகோதரர்களின் தாயார் சூசன், வண்டி செய்பவரின் மகள். தகப்பனார் பட்டறையில் கருவி பிடிக்கக் கற்றவர். பையன்கள் யந்திர சந்தேகமென்றால் அம்மாவிடம்தான் ஓடுவார்கள். தகப்பனாரோ ஒரு பாதிரியார். 1878-ல் அவர் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தது, ரப்பர் முறுக்கினால் பறக்கும் பொம்மை. பாதிரியார் வீட்டிலேயே நடந்தது, பகுத்தறிவு பேசும் நமது வீடுகளில் நடக்கக் கூடாதா?

கடைசியாக ஆபத்தும் செலவும். ஆபத்து உண்மைதான், அதற்கு வழி உண்டு. வீட்டு மின்சாரத்தைத் தொடக்கூடாது, பாட்டரி போதும். ஓடும் ஆற்றிலும் கிணற்று மேட்டிலும் வேலை கூடாது. ரம்பம் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கேட்டாலொழியக் கை நீட்டக் கூடாது. செலவோ, திராட்சைப் பந்தலில் கழித்த கம்பியும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் பழைய சைக்கிள் சக்கரமும் நமது ஊர்களில் கிடைக்காதவையா? ஒரு காதுகுத்துக்குச் செலவழிப்பதில் நூற்றிலொரு பங்கு இருந்தால் சுத்தியல், ரம்பம், திருப்புளி, குறடு, அளவு நாடா எல்லாம் வாங்கிவிடலாம்.

இதுவும் முடியாத ஏழை வீடுகளே அதிகம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே கம்பம், சின்னமனூர், போடி, தேனி வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். நமது படிப்பகங்களில் பத்திரிகை வைப்பதோடு நிற்காமல், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கருவிப் பெட்டியும் வையுங்கள். எந்தத் தெருப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், பேர் எழுதிவிட்டு எடுத்துப் போகட்டும். பெட்டிக்குப் பொட்டு வைக்க வேண்டாம். துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டால் போதும்.