ஆய்விதழ்கள் திறக்காத புத்தகங்கள்

2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தின் எடத்துவாவிலும் செறுதனாவிலும் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவற்றின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. எச்5என்1 வைரஸ்தான் என்று முடிவு வந்தது. அதன் பிறகு செங்கோட்டையை அடுத்த புளியறைச் சோதனைச் சாவடியில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் நின்று, கேரளத்திலிருந்து வந்த கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். சரக்கோடு திரும்பியவர்களுக்கு நட்டம்தான். ஆனால் எந்த ஊரில் என்ன நோய், எந்த ஆய்வகம் அதை உறுதி செய்தது என்பதெல்லாம் ஊரறியச் சொல்லப்பட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கால்நடை மருத்துவத் துறை காரணத்தோடு சொல்கிறது. எல்லையில் கடைப்பிடிக்கும் இந்த நேர்மையை அதே துறை தன் ஆய்விதழ்களில் கடைப்பிடிப்பதில்லை என்பதுதான் என் குறை. துறையின் நிலைபெற்ற கருத்துகளைக் கேள்வி கேட்டு எழுதப்படும் நூல்களுக்கு அங்கே பாராட்டும் கிடைப்பதில்லை, கண்டனமும் கிடைப்பதில்லை. அப்படி ஒரு நூல் வந்ததாகவே தெரியாமல் காலம் போகிறது.

இதில் சதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. சதியாக இருந்தால் திருத்துவது சுலபம். 1924-ல் தொடங்கிச் சென்னையிலிருந்து வெளிவரும் இந்தியன் வெட்டர்னரி ஜர்னல் போன்ற நூற்றாண்டு மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் இன்று ஓர் இதழின் தகுதியைத் தேசிய வேளாண் அறிவியல் அகாடமி தரும் புள்ளி முடிவு செய்கிறது. அந்தப் புள்ளி மேற்கோள்களைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மதிப்புரையை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. பேராசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைதான் உதவும். முந்நூறு பக்க நூலை உட்கார்ந்து படித்து, அதன் வாதத்தைச் சரிபார்த்து மூன்று பக்கம் எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கில் அநேகமாக ஒன்றும் சேராது. இதழ்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. கேள்வி கேட்கும் நூல்களோ பல நேரம் தமிழிலும் மலையாளத்திலும் வருகின்றன. இத்தனைக்கும் மேலே தொழில்முறைக் கூச்சம் ஒன்றும் உண்டு. நாம் எழுதினால் அந்த நூலுக்கு மரியாதை வந்துவிடுமே என்ற தயக்கம் அது. இந்தத் தயக்கம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்கிறது.

பால் விஷயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் வுட்ஃபோர்டு 2007-ல் 'டெவில் இன் த மில்க்' என்ற நூலை எழுதினார். பாலில் உள்ள பீட்டா கேசின் புரதச் சங்கிலியின் 67-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் ஏ1, ஏ2 வேறுபாடு. அந்த வேறுபாட்டால் ஏ1 பால் செரிக்கும்போது உருவாகும் ஒரு துணுக்கு இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் காரணமாகலாம் என்பது அவர் வாதம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை ஒதுக்கித் தள்ளவில்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் படித்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2009-ல் அறிக்கை தந்தது. ஒப்புக்கொள்கிறவரும் மறுக்கிறவரும் கையில் எடுத்துக்கொண்டு பேச ஓர் ஆவணம் அங்கே இருந்தது. இங்கே அதே வாதம் 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது, மெரினாவிலிருந்து தெருமுனை வரை பரவியது. நாட்டு மாடுகளின் பால் பெரும்பாலும் ஏ2 வகைதான் என்பது உண்மை. அதைத் தாண்டிச் சொல்லப்பட்டவற்றில் எது உறுதி, எது ஊகம், எது வெறும் ஆசை என்று பிரித்துக் காட்டும் கடமை கால்நடை அறிவியலாளர்களுக்கு இருந்தது. தமிழ் வாசகரின் கைக்கு எட்டும் இடத்தில் அந்த வேலை நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் சந்தை புகுந்துகொண்டது. ஏ2 என்ற இரண்டு எழுத்துக்குக் கூடுதல் விலை வந்தது. 2024 ஆகஸ்டில் அந்த முத்திரையை எடுத்துவிடச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அறிஞர்கள் எழுதி வாதாடியிருக்க வேண்டிய விஷயம், ஒரே வாரத்தில் ஓர் உத்தரவாகவும் அதன் ரத்தாகவும் முடிந்தது. பால் வாங்கும் குடும்பத்துக்கு இதனால் எந்தத் தெளிவும் வரவில்லை.

இதற்கு முன்பே நமக்குப் பக்கத்தில் ஒரு பாடம் இருந்தது. புளியறை உட்பட்ட செங்கோட்டைப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எல்லை மாறியபின் மலைக்கு அந்தப் பக்கம், 1961-ல் கேரளம் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாத காளைகளை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது, காயடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1963-ல் மாட்டுப்பட்டியில் சுவிஸ் உதவியோடு கலப்பினத் திட்டம் தொடங்கியது; சுனந்தினி மாடுகள் வந்தன, பால் பெருகியது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பல ஏழை வீடுகளுக்கு அது சோறு போட்டது. ஆனால் வைக்கம் பக்கத்து வெச்சூரின் குட்டை மாடு, சராசரியாக 90 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாதது, அதே திட்டத்தால் அழிவின் விளிம்புக்குப் போனது. மண்ணுத்தியில் விலங்கு மரபியல் கற்பித்த சோசம்மா ஐப்பு 1989-ல் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடிப்போய், மிஞ்சியிருந்த மாடுகளை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். எதிர்ப்பு துறைக்குள்ளிருந்தும் வந்தது, வெளியிலிருந்தும் வந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கேரள அரசே அந்த மாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஒரு முழுத் தலைமுறை இடைவெளியில் நடந்த மாற்றம் இது. உள்ளூர் இனங்களைப் பற்றிய கேள்வி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தொழில்முறை இதழ்களில் வெளிப்படையாக எழுப்பப்பட்டு, வெளிப்படையாகவே பதில் சொல்லப்பட்டிருந்தால், கலப்பினத் திட்டம் நின்றுபோயிருக்காது. சில நூறு பொலிகாளைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டே அது நடந்திருக்கும். இழந்தது அந்தச் சில நூறு காளைகளின் ரத்தவழி. அதை இனி எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் உண்டாக்க முடியாது.

இதே துறை திறந்து பேசியபோது எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதற்குப் பாறு கழுகுகள் சாட்சி. மாடுகளுக்கு வலி நீக்கியாகக் கண்மூடித்தனமாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியலாளரும் அவருடைய குழுவும் இதை 2004-ல் 'நேச்சர்' இதழில் ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். நம்பிக்கையோடு ஊசி போட்ட மருத்துவர்களுக்கு அது கசப்பான செய்திதான். இருந்தும் அச்சில் இருந்ததால் சோதித்துப் பார்க்க முடிந்தது. 2006-ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது, மாற்றாக மெலாக்சிகாம் வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் தடையாயின. முதுமலைக் காட்டோரத்தில் இன்று எஞ்சியிருக்கும் கழுகுகள் அந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்குக் கடன்பட்டவை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: முதலில் ஆய்வுக் கட்டுரையாக வந்து சக அறிஞர்களின் சோதனையைத் தாண்டட்டும், அப்புறம் நூலைப் பற்றிப் பேசலாம். சோதனை முக்கியம், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அனுபவ அறிவு அந்த வரிசையில் வருவதில்லை. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் மடிநோய் மருந்தை எடுத்துக்கொள்வோம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து மடியில் பூச வேண்டும். தேசிய பால்வள வாரியம் இதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரப்புகிறது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை அரசு 2019-ல் தடை செய்த பிறகு, நுண்ணுயிர்க்கொல்லியைக் குறைக்கும் எந்த வழிக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. இந்த மரபு மருத்துவத்தைப் பற்றிய ஒரு நூலை ஆய்விதழ் மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் கடுமையானவை. மருந்தில்லாமலே எத்தனை மாடுகள் தேறியிருக்கும்? கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையில் முன்னும் பின்னும் என்ன தெரிந்தது? எந்தக் கிருமிக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்பதில்லை? பூசுகிற மருந்து எந்தக் கட்டத்தைத் தாண்டினால் பயன்படாது, எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும்? இத்தனையும் மாடு வளர்ப்பவருக்கு வேண்டிய பதில்கள். வாய்மொழியாகப் பரவும்போது இவற்றில் எதையும் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு எதிர்வாதம் ஆபத்தைப் பற்றியது. தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் நூலுக்கும் இதழில் இடம் தருவதா என்று கேட்கிறார்கள். அந்த நூலுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்பேன். வெறிநாய்க்கடிக்கு இலைச்சாறு போதும் என்று ஒருவர் எழுதினால், அறிகுறி வந்த பிறகு அந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதையும், கடிபட்ட உடனே போட வேண்டிய தடுப்பூசிக்கு மாற்று கிடையாது என்பதையும், எந்தப் பக்கத்தில் எந்த வரி உயிரைப் பறிக்கும் என்பதையும் பெயர் போட்டு எழுத வேண்டியவர் கால்நடை மருத்துவரே. மௌனமாக இருந்தால் அந்த நூல் அழிந்துவிடாது; கை மாறிக் கை மாறிப் போகும், கூடவே 'பயந்துபோய் மறைக்கிறார்கள்' என்ற பேரும் அதற்குச் சேரும்.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். செல்லப்பிராணி உணவு நிறுவனமான மார்ஸ் 2017-ல் அமெரிக்காவின் விசிஏ கால்நடை மருத்துவமனைச் சங்கிலியையே வாங்கியது. தயாரித்த தீவனத்தால்தான் நாய்களுக்குப் பல்லும் ஈறும் கெடுகின்றன என்று 2001-ல் ஒரு நூலே எழுதிய ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் டாம் லான்ஸ்டேலின் வாதம் சரியா தவறா என்பது வேறு கேள்வி. தீவனத்துக்குப் பதிலாக அவர் சொல்லும் பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும் என்று காரணம் காட்டி அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-ல் அதற்கு எதிராகக் கொள்கை வகுத்தது. அது நியாயமான மறுப்பு, படித்துப் பார்க்கலாம். மருந்து, தீவன நிறுவனங்களின் விளம்பரத்தை வாங்கும் இதழ்கள் மறுப்பை எழுதாமல் விட்டுவிட்டால், தங்கள் நியாயத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு ஆளாக்கிக்கொள்கின்றன.

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989 முதல் இருக்கிறது. விவசாயிகளுக்காக அது தமிழிலேயே 'கால்நடைக் கதிர்' இதழை நடத்துகிறது. திருநெல்வேலி இராமையன்பட்டியில் அதன் கல்லூரி இருக்கிறது. புதிதாக ஒரு நிறுவனம் கட்டத் தேவையில்லை. இதழுக்கு இதழ் ஒரு நூல், இரண்டு மதிப்புரையாளர்கள். ஒருவர் வகுப்பறையிலிருந்து, ஒருவர் கால்நடை மருந்தகத்திலிருந்து. மதிப்பிட மறுத்தால் காரணத்தை நான்கு வரியில் அச்சிட வேண்டும். விளம்பரதாரரின் பொருளைத் தொடும் நூல் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல மதிப்புரை ஒன்றுக்கு ஆய்வுக் குறிப்புக்கு உரிய மதிப்பெண்ணைத் தருவதாகப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தால், இளம் ஆசிரியர்கள் தாமாகவே முன்வருவார்கள். முதல் நூலாக சோசம்மா ஐப்பு மலையாளத்தில் எழுதிய வெச்சூர் நினைவுகளை எடுத்துக்கொள்ளலாம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குச் செங்கோட்டைப் பக்கம் பஞ்சமில்லை.