காளான் கோகோவும் மாமாவின் இருமலும்

சென்ற பொங்கல் விழாவில் நமது சங்க வாசலில் போட்டிருந்த ஸ்டால்களில் ஒன்றில் மட்டும் கூட்டம் அலைமோதியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கரும்புக்கோ கைமுறுக்குக்கோ கூடிய கூட்டம் அல்ல அது. சின்னக் காகிதக் கோப்பையில் சூடாக ஒரு பானத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். "கோகோவும் மருத்துவக் காளானும் சேர்ந்தது; சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, நெஞ்சுச் சளி, கேன்சர் வரை எல்லாவற்றுக்கும் கேட்கும்" என்று மைக் பிடித்துச் சொன்னார்கள். நானும் ஒரு கோப்பை வாங்கினேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதற்குக் காரணம் என் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயம். அதைச் சொல்லி, சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் வைக்கவே இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும் லைனில் நடந்தே ஓய்வு பெற்றவன். காளானைப் பற்றி என் தொழிலில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மர ஸ்லீப்பர்கள் இருந்த காலத்தில், மழைக்காலம் முடிந்ததும் சில கட்டைகளின் ஓரத்தில் காளான் முளைத்திருக்கும். வெளியே கட்டை கெட்டியாகத் தெரியும். சுத்தியலால் தட்டினால் உள்ளே பொத்தென்று சத்தம் வரும். உள்ளே உளுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதுதான் அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சொந்த அக்கா வீட்டு விஷயத்தில் அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டேன்.

என் அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றே கூப்பிடுவோம். மாரிகுப்பத்தில் லைன் வீட்டில் இருப்பவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 22 வருஷம் கீழே இறங்கி வேலை செய்தார். 2001ஆம் வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது அவரும் வெளியே வந்தார். வேலை போய்விட்டது, ஆனால் சுரங்கம் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிகா தூசி நுரையீரலில் போய்ப் படிந்து தழும்பாகிவிடுகிறது. அதுதான் சிலிகோசிஸ். நம் ஊரில் அந்தப் பெயர் தெரியாத குடும்பம் இல்லை. தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க எந்த நாட்டிலும் மருந்து கிடையாது. தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அதைவிடக் கொடுமை.

2023ஆம் வருஷம் மழைக்காலத்தில் மாமாவுக்கு இருமல் அதிகமாயிற்று. அப்போதுதான் தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த டப்பாவைக் கொண்டுவந்தான். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி வீடு திரும்பும் நம் பிள்ளைகளில் அவனும் ஒருவன். ரயிலிலேயே யாரோ அவனைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். "மாமா, நுரையீரலையே கழுவி விட்டுடும். நீங்க மூணு மாசம் குடிச்சுப் பாருங்க" என்றான். ஒரு டப்பா 1400 ரூபாய். அக்கா எனக்குப் போன் செய்து, "தம்பி, நீ படிச்சவன், வாங்கலாமா?" என்று கேட்டாள். நான் டப்பாவைப் பார்க்கவில்லை, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. "கோகோவும் காளானும்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது, வாங்கிக்கொள் அக்கா" என்று சொல்லிப் பணமும் அனுப்பினேன்.

கெடுதல் அந்தப் பவுடரில் இருந்து வரவில்லை. பவுடர் குடித்துக்கொண்டே காத்திருந்த நாட்களில் இருந்து வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு இளைத்தது. பையனைக் கேட்டபோது, "உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருது, குணமாகும்போது அப்படித்தான் காட்டும், இன்னும் ஒரு டப்பா குடிங்க" என்றான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொன்னான். மூன்று மாதம் கழித்து நான் நேரில் போனபோது மாமாவைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மருந்து இலவசம். மாமா ஆறு மாதம் தவறாமல் சாப்பிட்டார். இன்று உயிரோடு இருக்கிறார். ஆனால் முன்பு கடைத்தெரு வரை நடந்தவர் இப்போது வாசல் படியோடு நின்றுவிட்டார். மூன்று மாதம் முன்பே போயிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான், செய்த தவறுக்குப் பிராயச்சித்தம் போல, இந்தக் கோகோ, காளான் விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததில் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கோகோ. நமக்கு இது அந்நியப் பொருள் அல்ல. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊரிகத்தில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கொடுத்த கோகோவின் வாசனை எனக்கு நினைவிருக்கிறது. இன்று கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராக விளைகிறது. நம் கர்நாடகத்திலேயே புத்தூரில் காம்ப்கோ கூட்டுறவு நிறுவனத்தின் சாக்லேட் தொழிற்சாலை 1986 முதல் இருக்கிறது. கோகோ விதையில் ஃபிளேவனால் என்ற சத்து உண்டு. அது ரத்தக் குழாய்களை இளக்கமாக வைக்க உதவும் என்பது உண்மை. தினம் 200 மில்லிகிராம் ஃபிளேவனால் இதற்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட வயதானவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தி 2022இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 500 மில்லிகிராம் கொடுத்தும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் குறைந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் குறைவாக இருந்தார்கள். ஆக, கோகோவில் ஏதோ நன்மை இருக்கலாம். ஆனால் அங்கே கொடுத்தது சத்தைப் பிரித்தெடுத்து அடைத்த மாத்திரை. நம் கோப்பைக்கு வரும் கோகோத் தூள் வறுபட்டு, பல சமயம் காரம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டு வருகிறது. அதில் இந்தச் சத்து பெருமளவு போய்விடுகிறது. நிறம் கறுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்று நினைப்பதும் தவறு. காரம் சேர்த்தாலும் நிறம் கறுக்கும்.

அடுத்தது காளான். இவர்கள் மருத்துவக் காளான் என்று சொல்வது கானோடெர்மா. சீனர்கள் லிங்ஷி என்றும், ஜப்பானியர் ரெய்ஷி என்றும் பலநூறு வருஷங்களாக மருந்தாக உபயோகித்து வருகிறார்கள். அந்த அனுபவத்தை நான் கேலி செய்யவில்லை. ஷிடாகே என்ற வேறொரு காளானில் இருந்து எடுத்த லெண்டினான் என்ற பொருளை ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக உபயோகித்திருக்கிறார்கள். ஆனால் அது டாக்டர் மேற்பார்வையில், மற்ற மருந்துகளோடு சேர்த்துப் போட்ட ஊசி. கடையில் கரைத்துக் குடித்த பானம் அல்ல. கானோடெர்மாவைப் பற்றி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, சர்க்கரை நோயாளிகளின் இதய அபாயத்தைக் குறைக்க அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2015இல் சொன்னது. புற்றுநோய்க்கு அதையே முதல் சிகிச்சையாகக் கொள்ளப் போதுமான ஆதாரம் இல்லை, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக வேண்டுமானால் யோசிக்கலாம் என்றது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தக் கசிவு அதிகமாகலாம்.

தென்னை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்லும் அடித்தண்டு அழுகலுக்குக் காரணமே கானோடெர்மா இனத்துக் காளான்தான். தோப்புக்கு எமன், வீட்டுக்கு அமிர்தம் என்றால், அமிர்தம் என்பதற்கு அத்தாட்சி கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிறகு அந்த டப்பாவை எடுத்துப் படித்தேன். உணவுப் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறதோ, அதை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். மாமா குடித்த டப்பாவில் முதலில் இருந்தது சர்க்கரை. அடுத்து பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் கிரீமர் பவுடர். அப்புறம் கோகோ. காளான் கடைசியில். இன்னொரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில், மருத்துவ உபயோகத்திற்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது! வாய் ஒன்று சொல்கிறது, டப்பா இன்னொன்று சொல்கிறது. டப்பா சொல்வதுதான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வார்த்தை.

இந்த ஒரு டப்பாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'ஹெல்த் டிரிங்க்' என்ற வார்த்தைக்கே நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், புற்றுநோய் இவற்றைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடை செய்கிறது. ஆளைச் சேர்த்தால் காசு என்ற பிரமிடு வியாபாரத்தை 2021ஆம் வருஷத்து நேரடி விற்பனை விதிகளும் தடை செய்கின்றன.

இப்படி எழுதுவதால் அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் படும் பாடு நமக்குத் தெரியும். ஒரு நாளில் நாலைந்து மணி நேரத்தை ரயிலிலேயே கழிக்கிறார்கள். அவனும் கடன் வாங்கித்தான் டப்பாக்களை எடுத்திருந்தான். விற்காமல் மிச்சமானவை இன்னும் அவன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மாமாவுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதவனும் அவன்தான். அவனை ஏமாற்றியவர்கள் அவனுக்கு மேலே இருக்கிறார்கள். ஆனால் கடைசியில் விலை கொடுத்தது மாமாவின் நெஞ்சு.

"ஆசையாகக் குடிப்பதைக் கூடத் தடுப்பீர்களா?" என்று சிலர் கேட்கலாம். குடியுங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றார்கள்? மழை நாளில் சூடாக ஒரு கோப்பை கோகோ, அதில் சர்க்கரையைக் குறைத்து, பால் ஊற்றிக் குடிப்பது நல்ல சுகம்தான். காளான் வேண்டுமானால் கடையில் விற்கும் சிப்பிக் காளானை வாங்கி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. உணவை உணவாகவே சாப்பிடுங்கள். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பழைய சுரங்கத் தொழிலாளி என்றால் இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் 2024 நவம்பர் முதல் அரசே தருகிறது. அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் கடலையும் வாங்கினால், 1400 ரூபாய் டப்பாவை விட உடம்பில் நன்றாக ஒட்டும்.

கடைசியாகச் சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள். ஸ்டால் வாடகை விழாச் செலவுக்கு உதவுகிறது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பவர்களுக்கு வரும் பொங்கலில் இடம் கொடுக்காதீர்கள். சங்கத்தின் பந்தலுக்குக் கீழே நின்று சொன்னால், சங்கமே சொல்வதாக நம் அக்கா தங்கைகள் நம்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் இலவசமாக ஒரு நெஞ்சுப் பரிசோதனை முகாம் வைப்போம். ஸ்டால் வாடகை குறைந்தால், அதற்கு ஈடாக என் பென்ஷனில் இருந்து ஒரு பங்கு தருகிறேன்.

அக்கா கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொன்ன விதம் இன்னும் என்னை உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் யாராவது, "நீ படிச்சவன், வாங்கலாமா?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் டப்பாவைத் திருப்பி ஒரு முறை படித்துவிடுங்கள்.